நோய்க்கு எது பக்கத்து ஊர்?

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. 12 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், குறுக்கே ஒரு ரயில் பாதை, கிழக்கு ஓரத்தில் எல்லையாக ஒரு நீளமான தெரு. அந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு நிர்வாகம் என்பதால் வரைபடத்தில் அங்கே வெறும் வெள்ளைத் தாள்தான். யாருக்காவது தொற்றுநோய் என்று தகவல் வந்தால் அவர் வீடு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவோம். நோய்க் கண்காணிப்பு வேலைக்கு வந்த புதிதில், அந்தப் பொட்டுகளை உற்றுப் பார்த்தாலே நோய் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். துணியில் மை கொட்டினால் சுற்றிலும் ஊறுகிற மாதிரி, நோயும் ஒரு பகுதியிலிருந்து ஒட்டியிருக்கும் பகுதிக்கு ஊறும் என்பதுதான் என் மனதில் இருந்த படம்.

அந்தப் படத்தைத் தட்டம்மை கலைத்துப்போட்டது.

ஒரு வருடம் 4-ஆம் பகுதியில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை உறுதியானது. 4-ஐ ஒட்டி இருப்பவை 3, 5, 7. தயங்காமல் ஆள்களையும் தடுப்பூசியையும் அந்த மூன்று பகுதிகளுக்கும் அனுப்பினோம். வீடு வீடாக ஏறி இறங்கி, ஊசி விடுபட்ட குழந்தைகளைத் தேடிப்பிடித்துப் போட்டோம். நல்ல வேலைதான், அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் முதல் குழந்தைக்குத் தடிப்பு வந்த 13-ஆம் நாள், 11-ஆம் பகுதியில் ஒரே நேரத்தில் 5 குழந்தைகள் காய்ச்சலும் தடிப்புமாக வந்து நின்றார்கள். 11 என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், 4-ஆம் பகுதியை எங்குமே தொடாத இடம். அங்கே நாங்கள் ஒருவரைக்கூட அனுப்பியிருக்கவில்லை.

முதல் குழந்தையின் வீட்டுக்குத் திரும்பவும் போனேன். எங்கள் படிவத்தில் 'பயண விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மறுபடியும் கேட்டேன். "பாப்பா போன மாசம் வெளியூர் எங்கேயாவது போனாளாம்மா?" அந்தத் தாய் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கேயும் போகல மேடம்" என்றார். சரி என்று எழுந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போதுதான் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு சின்னப் பை கண்ணில் பட்டது. மஞ்சள் துணிப் பை, அதில் ஊக்குக் குத்திய ஓர் அட்டையில் குழந்தையின் பெயரும் ஓர் எண்ணும். "இது என்னம்மா?" "அது காப்பகத்துப் பை. ஸ்டேஷன் பக்கம் தையல் வேலைக்குப் போறேன்ல, காலையில இவளை அங்க விட்டுட்டுச் சாயங்காலம் கூட்டிட்டு வருவேன்." அந்தக் காப்பகம் 11-ஆம் பகுதியில் இருந்தது. நான் கேட்காமலே அவரே சொன்னார்: "அது பயணமா என்ன? தினமும் போறதுதானே."

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வி கேட்டிருந்தேன். பயணம் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு எப்போதாவது போவது என்றுதான் யாருக்கும் தோன்றும். தினமும் கால் பழகிப்போன வழியை யாரும் பயணமாக நினைப்பதில்லை. நோய்க்கோ அந்தப் பழகிய வழிதான் ராஜபாட்டை. தட்டம்மை வந்தவர் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரப்ப முடியும், அவர் இருந்த அறையின் காற்றில் அவர் போன பிறகும் 2 மணி நேரம்வரை கிருமி மிதந்துகொண்டிருக்கும். அந்த 4 நாளும் குழந்தை லேசான காய்ச்சலும் மூக்கொழுகலுமாகக் காப்பகத்தில்தான் பகலைக் கழித்திருக்கிறாள். அவளுக்கு எது பக்கத்துப் பகுதி? வரைபடம் 3, 5, 7 என்று சொன்னது. அவளுடைய நாள் 11 என்று சொன்னது.

அன்றிலிருந்து நான் 'எங்கேயாவது போனீர்களா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை எங்கெங்கே இருந்தீர்கள், கூட யார் யார்?" என்று கேட்பேன். அப்புறம் முந்தாநாள். அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை. படிவத்தின் ஓரத்தில் 'பகலில் இருக்கும் இடம்' என்று கையாலேயே ஒரு கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். வரைபடத்தில் வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு, பகல் இடத்துக்கு நீலப் பொட்டு, இரண்டையும் இணைத்து ஒரு நூல். மூன்று மாதத்தில் அந்த நூல்கள் காட்டிய படம் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. 12 பகுதிகளில் 8 பகுதிகளின் நூல்கள் 11-இல் வந்து முடிந்தன. ரயில் நிலையம், தையல் கூடங்கள், ஒரு பெரிய பள்ளி எல்லாம் அங்கேதான். தூரத்தில் இருக்கிறது என்று நாங்கள் ஒதுக்கிவைத்த பகுதிதான் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்துப் பகுதி.

இதை முதலில் கண்டவர்கள் நாங்கள் இல்லை. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா கொன்று குவித்தபோது மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தது பலருக்கும் தெரிந்த கதை. பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றி இறப்புகள் குவிந்திருந்தன. எனக்கு அதில் பிடித்தது குவிந்திருந்தவை அல்ல, விலகி நின்றவை. ஹாம்ப்ஸ்டெட் என்ற பல கிலோமீட்டர் தள்ளியுள்ள இடத்தில், காலராவே இல்லாத இடத்தில், ஒரு விதவைப் பெண் காலராவில் இறந்தார். ஸ்நோ விசாரித்தபோது, அவர் முன்பு பிராட் தெருப் பக்கம் வாழ்ந்தவர் என்றும், அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போய்த் தினமும் அதை வரவழைத்துக் குடித்துவந்தார் என்றும் தெரிந்தது. அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் தன் ஊரான இஸ்லிங்டனுக்குத் திரும்பிப்போய் இறந்தார். இன்னொரு பக்கம், குழாய்க்கு மிக அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தவர்கள் 5 பேர்தான், காரணம் அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. 1855-இல் வெளிவந்த வரைபடம் ஒன்றில் ஸ்நோ இன்னொரு கோடும் போட்டார். பிராட் தெருக் குழாய்க்கும் மற்றக் குழாய்களுக்கும் நடந்துபோகும் வழியில் சம தூரமாக இருக்கும் புள்ளிகளை அளந்து இணைத்த கோடு அது. காக்கை பறக்கும் தூரத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. குடத்தோடு ஒருவர் நடக்கும் தூரத்தை எடுத்தார்.

இப்போது இதற்குக் கணக்குகளும் வந்துவிட்டன. இரண்டு ஊர்களுக்கு இடையே ஆள்கள் எவ்வளவு போய்வருவார்கள் என்பதை இரண்டு ஊர்களின் மக்கள்தொகையைப் பெருக்கி, தூரத்தைக் கொண்டு வகுத்து மதிப்பிடும் முறை ஒன்று உண்டு, நியூட்டனின் ஈர்ப்பு விசைக் கணக்கு மாதிரியே. பெரிய ஊர் தூரத்திலிருந்தும் இழுக்கும், சின்ன ஊர் பக்கத்திலிருந்துதான் இழுக்கும். 2013-இல் டிர்க் பிராக்மன், டிர்க் ஹெல்பிங் என்ற இரு ஆய்வாளர்கள் விமானப் போக்குவரத்தை வைத்து ஒரு புதுத் தூரத்தைக் கணக்கிட்டார்கள். கிலோமீட்டரை ஓரம்கட்டிவிட்டு, எவ்வளவு பேர் போகிறார்களோ அவ்வளவு நெருக்கம் என்று வைத்துப் பார்த்தபோது, தொற்று எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பது கிட்டத்தட்ட நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தது. தட்டம்மைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. தடுப்பூசிக்கு முந்தைய இங்கிலாந்தின் பதிவேடுகளைப் பார்த்தால், நோய் பெரிய நகரங்களில் எழுந்து, அங்கிருந்து அலையாகச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் போயிருக்கிறது. சுமார் 3 லட்சத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் ஊரில் தட்டம்மை தொடர்ந்து தங்க முடியாது, புதுக் குழந்தைகள் போதாமல் அணைந்துவிடும், அப்புறம் பெரிய நகரத்திலிருந்து மறுபடி பொறி வந்து விழ வேண்டும். எங்கள் 11-ஆம் பகுதி நகரம் இல்லைதான், ஆனால் மற்றப் பகுதிகளுக்கு அது பெரிய நகரத்தின் இடத்தில் இருந்தது. அடுத்த முறை எந்தப் பகுதியில் தட்டம்மை வந்தாலும், அந்தத் தெருவில் ஒரு குழு, அதே நாளில் 11-இல் ஒரு குழு என்று வைத்துக்கொண்டோம். தொடர்பில் இருந்தவருக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ கடுமையாகாமலோ தடுக்க வாய்ப்பு உண்டு. அந்த 72 மணி நேரத்தை எல்லைக்கோட்டைச் சுற்றிச் சுற்றியே செலவழிப்பது பெரிய இழப்பு.

அதற்காக, மை ஊறுகிற மாதிரிப் பரவும் நோயே கிடையாது என்று சொல்லமாட்டேன். பஸ் ஏறாத உயிரினங்களில் நோய் அப்படித்தான் போகும். ஐரோப்பாவில் நரிகளிடம் பரவிய வெறிநோய் வருடத்துக்குச் சுமார் 30 முதல் 60 கிலோமீட்டர் என்ற வேகத்தில் மேற்கு நோக்கி ஒரு முகப்பாக நகர்ந்தது. 1978-இல் சுவிட்சர்லாந்தின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துப் பரப்பிப் போட்டார்கள். நரிகள் தின்றன, நோய் பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றது. ஓரமாக வேலி கட்டுவது பலிக்க வேண்டுமென்றால் நோயும் ஓரமாக நடந்து வர வேண்டும். எந்த நோய் எப்படி நடக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் வேலி எங்கே என்ற பேச்சு.

டெங்கு இந்த இரண்டும் கலந்தது. அதனிடம்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

கிழக்கு எல்லைத் தெருவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கே நடந்தது இது. தெருவின் இடது கை வீடுகள் எங்களுடையவை, வலது கை வீடுகள் அடுத்த நிர்வாகத்தினுடையவை. ஒரு பகுதியில் 2 வாரத்துக்குள் 5 பேருக்கு டெங்கு என்றால் எச்சரிக்கை விடுத்து, மருந்தடிக்கும் குழு இறங்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. எங்கள் பக்கம் 3 பேர். 3 என்பது 5 இல்லை. நான் பதிவேட்டில் எழுதி மூடிவைத்துவிட்டேன். அடுத்த நிர்வாகத்தில் என் வேலையையே பார்க்கும் ஓர் இளம்பெண் இருந்தாள். ஒரு பயிற்சி வகுப்பில் அறிமுகமாகி எப்போதாவது பேசிக்கொள்வோம். அவள் வேறு ஏதோ படிவம் பற்றிக் கேட்கத்தான் அன்று கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், "உங்க பக்கம் டெங்கு ஏதாவது இருக்கா அக்கா?" என்றாள். "மூணு" என்றேன். "எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இங்க நாலு அக்கா. அதே தெரு."

7 பேர். ஒரே தெரு. இரண்டு பதிவேடுகளிலும் 'எச்சரிக்கை தேவையில்லை.'

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி 100, 200 மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். ஆனால் ஒரு தெருவைத் தாண்ட அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அந்த 7 வீடுகளுக்கும் நடுவில், வலது கைப் பக்கம், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம். மேலே திறந்து கிடந்த ஒரு தொட்டி, கீழே பழைய டயர்கள். எங்கள் ஆள்கள் அதைப் பார்க்காமல் இல்லை. 'அது நம்ம எல்லை இல்லை' என்று விட்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்து ஆள்களுக்கோ அந்தக் கட்டடம் இரண்டு வாரம் கழித்துப் பார்க்க வேண்டிய பட்டியலில் இருந்தது. அவள் பேசிய மறுநாளே தொட்டியைக் கவிழ்த்து, டயர்களை அகற்றினார்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், 10 நாள் போதும் என்பதால் நாங்கள் தாமதித்த 3 வாரத்தில் அங்கே எத்தனை தலைமுறைக் கொசுக்கள் கிளம்பியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த 7 பேரில் ஒரு பெண் குழந்தை 5 நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். அவள் எங்கள் பக்கமா அவர்கள் பக்கமா என்பது இப்போது எனக்கு நினைவில் இல்லை. அது நினைவில் இல்லாமல் போனதும் நல்லதுதான்.

எல்லை நோயைத் தடுப்பதில்லை, நம் பார்வையைத்தான் தடுக்கிறது. அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு இது உறைத்தது. எல்லைக்கோடு ஒரு தெரு தள்ளிப் போடப்பட்டிருந்தால் எங்கள் எச்சரிக்கை மணி முதல் வாரமே அடித்திருக்கும். நோய் அதேதான், வீடுகளும் அதேதான், கோடு மட்டும்தான் வேறு. அதனால் இப்போது நான் செய்வது இது: ஒவ்வொரு பொட்டையும் நடுவாக வைத்து 200 மீட்டருக்கு ஒரு வட்டம் போடுவது. வட்டம் எல்லையைத் தாண்டினால், தாண்டிய பக்கத்துக் கணக்கையும் கேட்டு வாங்கி உள்ளே சேர்ப்பது. மார்ட்டின் குல்டார்ஃப் என்ற புள்ளியியலாளர் 1997-இல், வரைபடம் முழுக்க வட்டத்தை நகர்த்தி நகர்த்தி, பெரிதாக்கிச் சின்னதாக்கி, எங்கே எதிர்பார்ப்பைவிட நோய் கூடியிருக்கிறது என்று தேடும் ஒரு முறையை முறைப்படி எழுதிவைத்தார். அதற்கு மென்பொருளே இருக்கிறது. இல்லாதவர்களுக்கு ஒரு காம்பஸும் தொலைபேசியும் பாதி வேலையைச் செய்துவிடும்.

நாடுகளின் எல்லையிலும் இதே கதைதான், அளவுதான் பயங்கரம். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா தொடங்கியது கினியின் கெக்கெடூ பகுதியில், சியரா லியோன், லைபீரியா இரண்டின் எல்லையும் கூடும் மூலையில். உறவும் வியாபாரமும் இறுதிச்சடங்கும் எல்லாம் மூன்று நாட்டுக்கும் பொதுவாக இருந்த இடம். தொடர்பில் இருந்தவர்களைத் தேடுபவர்கள் எல்லையில் நிற்க, தேடப்பட்டவர்கள் உறவினர் வீட்டுக்கு எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். 2016-இல் முடிவதற்குள் 28,600-க்கும் மேற்பட்டோருக்கு நோய், 11,300-க்கும் மேற்பட்டோர் இறப்பு.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஒரு காய்ச்சல் பரவியபோது நடந்த கூட்டத்தில், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். கையில் இருந்த பட்டியலில் முதல் வரி 6-ஆம் பகுதி. "6-இலிருந்து" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சொல்தான். மறுநாளே ஒரு பள்ளியில் 6-ஆம் பகுதிக் குழந்தைகளைத் தனியாக உட்காரவைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை 'கொஞ்ச நாள் வரவேண்டாம்' என்று நிறுத்தினார்கள். அடுத்த 3 வாரம் 6-இலிருந்து எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. நோய் நின்றுவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். அங்கே பணியாற்றும் செவிலியர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "காய்ச்சல் இருக்கு மேடம். ஆனா இனிமே யாரும் என்கிட்ட வாய் திறக்க மாட்டாங்க."

பிறகு உட்கார்ந்து பட்டியலை வேறு மாதிரி அடுக்கினேன். தகவல் வந்த தேதியை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் முதன்முதலில் காய்ச்சல் தொடங்கிய தேதியை வைத்து வரிசைப்படுத்தினேன். 6 நான்காவது இடத்துக்குப் போனது. 9-ஆம் பகுதியில் அதற்கு 8 நாள் முன்பே காய்ச்சல் இருந்திருக்கிறது. 6 முதலில் வந்ததற்கு ஒரே காரணம், அந்தச் செவிலியர் சந்தேகம் வந்த அன்றே மாதிரி எடுத்து அனுப்புகிறவர். நல்ல வேலை செய்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 6-ஆம் பகுதி மக்களிடம் நேரில் போய்ப் பேசினேன், அந்தப் பள்ளியிலும் போய்ப் பேசினேன். நம்பிக்கை திரும்ப ஒரு வருடம் பிடித்தது.

ஆகவே நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லத் தொடங்கும் முன் தேதியைப் பாருங்கள், அதுவும் நோய் தொடங்கிய தேதியை. அதோடு ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய, காலராவில் சில மணி நேரம் முதல் 5 நாள், ஃப்ளூவில் 1 முதல் 4 நாள், டெங்குவில் பெரும்பாலும் 4 முதல் 10 நாள், ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலையில் 15 முதல் 50 நாள். தட்டம்மையில் தடிப்பு தெரியச் சராசரியாக 14 நாள் ஆகும். இந்தக் கடிகாரம் இரண்டு பக்கமும் ஓடும். பின்னால் ஓட்டினால், நோயாளி எந்த நாள்களில் எங்கே இருந்தார் என்று கேட்க வேண்டும் என்பது தெரியும். மஞ்சள் காமாலைக்காரரிடம் போன வாரத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை, போன மாதத்தைக் கேட்க வேண்டும். முன்னால் ஓட்டினால், அடுத்த பகுதியில் எப்போது காவல் இருக்க வேண்டும் என்பது தெரியும். தட்டம்மை தொட்ட பகுதியில் ஒரு வாரம் அமைதியாக இருந்தால் 'தப்பித்தோம்' என்று குழுவைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வது நான் பலமுறை பார்த்த தப்பு. அது அமைதி இல்லை, கடிகாரம் இன்னும் சுற்றி முடிக்கவில்லை.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் பகுதிகளுக்கு வண்ணம் தீட்டும்போது தலைக்கணக்கையும் பாருங்கள், மக்கள்தொகையையும் பாருங்கள். 40,000 பேர் வாழும் இடத்தில் 20 பேருக்கு நோய் என்றால் லட்சத்துக்கு 50. 1,500 பேர் வாழும் இடத்தில் 2 பேர் என்றால் லட்சத்துக்கு 133, கருஞ்சிவப்பு அடித்துவிடுவோம். அந்த இரண்டில் ஒருவருக்குச் சோதனை முடிவு மாறினால் 67, நிறம் வெளுத்துவிடும். சின்னப் பகுதியின் நிறம் இப்படித்தான் வாரத்துக்கு வாரம் குதிக்கும். நான் சின்னப் பகுதிகளுக்கு 4 வாரக் கணக்கைச் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

பாதையை மூடுவது பற்றி எப்போதும் கேட்பார்கள். ஒருமுறை இரண்டு பகுதிகளுக்கு நடுவே தடுப்பு வைத்தும் பார்த்தார்கள். ஆள்கள் சுற்றுவழியில் போனார்கள். முன்பு யார் எந்த வழியில் எங்கே போகிறார்கள் என்றாவது எங்களுக்குத் தெரியும், அதுவும் தெரியாமல் போனது. போக்குவரத்தைக் குறைப்பதில் பயனே இல்லை என்று சொல்லவில்லை, அது என்ன தரும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் நோயாளிகள் 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள் என்று வையுங்கள். போக்குவரத்தைப் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது ஒரு இரட்டிப்புக்கான நேரம், அதாவது 3 நாள். பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும், அங்கே நோயாளிகள் பத்து மடங்காகும்வரைதான் அவகாசம், அது சுமார் 10 நாள். அந்த 10 நாளில் இந்தப் பக்கம் தடுப்பூசி போடுவோம், படுக்கை தயார் செய்வோம், பரிசோதனையைக் கூட்டுவோம் என்று ஒரு திட்டம் இருந்தால் அது பொன்னான 10 நாள். திட்டம் இல்லாமல் மூடினால், கஷ்டப்பட்ட 10 நாள் கழித்து அதே நோய் அதே வாசலில் வந்து நிற்கும்.

இந்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துச் செய்த ஒரு சம்பவம் உண்டு, அதை நினைத்தால் எனக்கு இன்றும் தெம்பு வரும். 1966 டிசம்பர், கிழக்கு நைஜீரியா. பெரியம்மை கிளம்பியிருக்கிறது, எல்லோருக்கும் போடத் தடுப்பு மருந்து போதாது. வில்லியம் ஃபேகி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே பணியில் இருந்தார். அந்த வட்டாரத்து மிஷனரிகள் தினமும் மாலையில் வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது வழக்கம். அதில் நுழைந்து, உங்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் எங்கெல்லாம் பெரியம்மை இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நோய் இருந்த கிராமங்களில் முதலில் ஊசி. அப்புறம், அந்தக் கிராமத்து மக்கள் எந்தச் சந்தைக்குப் போவார்கள், உறவுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, நோய் இனிப் போகக்கூடிய இடங்களுக்கு நோய்க்கு முன்பே போய் ஊசி. பாதிப் பேருக்குக்கூட மருந்து போடாமலே அங்கே பெரியம்மை அடங்கியது. உலகத்தையே பெரியம்மையிலிருந்து விடுவித்ததாக 1980-இல் அறிவித்தார்களே, அதற்கு இந்த முறைதான் பெரிய துணை. அவர் கையில் இருந்தது ஒரு வரைபடம், ஒரு வானொலி, 'உங்கள் பக்கம் இருக்கிறதா' என்ற கேள்வி.

டெங்கு நடந்த தெருவுக்குப் பிறகு நானும் அந்த இளம்பெண்ணும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எந்தச் சுற்றறிக்கையும் இல்லை, யாரும் உத்தரவு போடவில்லை. திங்கள்கிழமை காலை 10 மணிக்கு யாராவது ஒருவர் கூப்பிட வேண்டும். எல்லைத் தெருவிலிருந்து 500 மீட்டருக்குள் அந்த வாரம் யாருக்கு என்ன, எந்தத் தேதியில் தொடங்கியது, பகலில் எங்கே இருப்பவர். பெயர் வேண்டாம், தெருவும் வயதும் தேதியும் போதும். 5 நிமிஷப் பேச்சு. ஒன்றும் இல்லையென்றாலும் கூப்பிட வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் பிடிவாதமாக இருந்தோம். பதிவேட்டில் '0' என்று இருப்பதும் கட்டம் காலியாக இருப்பதும் ஒன்று இல்லை. '0' என்றால் பார்த்தோம், இல்லை. காலி என்றால் யாரும் பார்க்கவில்லை. 6-ஆம் பகுதியின் அந்த 3 வாரத்துக்குப் பிறகு காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

நான் வேறு பிரிவுக்கு மாறியபோது என் இடத்துக்கு வந்தவருக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். சுவர் வரைபடத்தின் கிழக்குப் பக்கம், வெள்ளையாக இருந்த தாளின் மேல், அந்தப் பக்கத்துத் தெருக்களை நாங்கள் பென்சிலால் வரைந்திருந்தோம். கோடுகள் கோணல்மாணல். ஆனால் ஒவ்வொரு சந்தும், பள்ளியும், தொட்டி இருந்த அந்தக் கட்டடமும் இருந்தன. "இது நம்ம ஏரியா இல்லையே, இதுக்கும் பொட்டு ஒட்டணுமா?" என்று கேட்டார். ஒட்டணும் என்றேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய எண்ணைக் காட்டினேன். அதற்குக் கீழே அவள் விடுப்பில் இருந்தால் கூப்பிட வேண்டியவரின் எண், அவரும் எடுக்கவில்லையென்றால் நேரில் போக வேண்டிய அலுவலகத்தின் முகவரி. அன்று திங்கள்கிழமை. மணி பத்தாக இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது, தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.